எல்லாரும் எழுதலாம் என்று திறந்துவிட்ட ஸ்பேம் ஃபைல்

கம்ப்யூட்டர் சர்வீஸ் தொழிலில் பாதி நாள் மெஷினோடு சண்டை, மீதி நாள் மெஷினை வைத்திருப்பவரோடு சண்டை. இதே பொழப்பில் கிடந்து வேகிற உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. நான் படித்துவிட்டு வந்தவனில்லை. ஷாக் அடித்தும் ஏச்சு வாங்கியும் கற்றவன். கோபம் மட்டும் கற்காமலே வந்தது.

நாலு நாள்

கோட்டைப்பட்டினத்தில் நண்டு ஏற்றுமதி செய்யும் சம்சு பாய் ஆபீஸுக்கு எட்டு மாதம் முன்பு மெயில் சர்வர் வைத்துக் கொடுத்தவன் நான். ஐந்து பேருக்கும் சேர்த்து ஒரே ஸ்பேம் வடிகட்டி. யாராவது ஒரு மெயிலை ஸ்பேமில் தள்ளினால், வடிகட்டி அதை ஒரு ஃபைலில் குறித்துக்கொண்டு அடுத்த முறை எல்லாருக்கும் தடுக்க வேண்டும். தடுக்கவேயில்லை. லாட்டரி, லோன், எடை குறைய மாத்திரை என்று கொட்டியது. வேலையைத் திருச்சிக் கம்பெனியிடம் கொடுக்கப் போவதாகப் பாய் சொல்லிவிட்டார். சரிசெய்ய நான் பத்து நாள் கேட்டேன். அவர் இரண்டு என்றார். கத்தி, கோபித்து வாசல்வரை போய், திரும்பி வந்து, பேரத்தை நாலு நாளில் முடித்தேன். பாய் சொன்னது:

"நண்டுக்காரங்ககூட இவ்வளவு பேரம் பேச மாட்டாங்க தம்பி. அவங்க சரக்கையாச்சும் கண்ணுல காட்டுவாங்க."

யார் பெயரில் ஃபைல்

மறுநாள் என் ஊர் கீரமங்கலத்திலிருந்து பஸ் பிடித்துப் போன வேகத்திலேயே கணக்கு பார்க்கும் மும்தாஜ் அக்காவிடம் எகிறினேன். ஸ்பேம் பட்டனை யாரும் தொடுவதே இல்லை என்று என் கட்சி. தினமும் தொடுகிறோம் என்று அவர் கட்சி.

ஃபைலைப் பார்த்தேன். அது என் அட்மின் பெயரில் இருந்தது. சர்வர் வைத்த அன்று சோதனைக்கு நான் ஒரு மெயிலை ஸ்பேமில் தள்ளியபோது உருவான ஃபைல். மற்றவர்கள் படிக்கலாம், எழுத முடியாது. எட்டு மாதமாக அவர்கள் வடிகட்டிக்குச் சொல்லிக் கொடுத்ததில் ஓர் எழுத்துகூட உள்ளே போகவில்லை. எழுத பர்மிஷன் இல்லை என்று சர்வர் தினமும் குறித்து வைத்திருந்தது, நான்தான் பார்க்கவில்லை. அக்காவிடம் சொன்னேன்.

"அப்ப எட்டு மாசமா சாத்துன கதவு முன்னாடி நின்னுதான் பேசிக்கிட்டு இருந்தமா?"

நண்டு ஆர்டர்

வந்த எரிச்சலில், யார் வேண்டுமானாலும் எழுதலாம் என்று ஃபைலைத் திறந்துவிட்டுக் கிளம்பினேன். லாட்டரி நின்றது. காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டேன்.

நாலாம் நாள் காலை பாய் கூப்பிட்டார். சென்னை வியாபாரி ஆர்டர் அனுப்பியிருக்கிறார், பதில் இல்லை, பகல் பன்னிரண்டுக்குள் வராவிட்டால் வேறு இடம் பார்ப்பாராம். ஓடினேன். அந்த மெயில் ஸ்பேமில் கிடந்தது. பக்கத்திலேயே அதே வியாபாரியின் பழைய மெயில்கள் அத்தனையும். அங்கே தள்ளியது மும்தாஜ் அக்கா, எட்டு மாதமாக. ஃபைல் மூடியிருந்தவரை வடிகட்டிக்கு அது தெரியாது. நான் திறந்த இரண்டே நாளில், அக்கா தள்ளியதைப் பார்த்து, அந்த வியாபாரியே குப்பை என்று கற்றுக்கொண்டுவிட்டது.

"மெயிலை அழிக்கக் கூடாதுன்னு பாய் சொல்லியிருக்காங்க. வேலை முடிஞ்சதை எங்கிட்டாச்சும் ஒதுக்கி வைக்கணும்ல, தம்பி?"

தீர்ப்பு

பன்னிரண்டுக்குள் பதில் போய்விட்டது; ஆர்டர் தப்பியது. ஐந்து பேரையும் ஒரு குழுவாக்கி, ஃபைலை அந்தக் குழுவுக்கு மட்டும் கொடுத்தேன். வியாபாரியின் மெயில்கள் நல்லவை என்று வடிகட்டிக்குச் சொன்னேன். அக்காவுக்கு 'முடிஞ்சது' என்று தனியாக ஒரு ஃபோல்டர். பிறகு திருச்சிக் கம்பெனி விஷயத்தைப் பாயிடம் நானே கேட்டேன். குரல் கொஞ்சம் இறங்கித்தான் இருந்தது.

"ஒன்னைய மாத்தலப்பா. புதுசா வர்றவனுக்கு மும்தாஜைப் பத்தி முதல்லேருந்து சொல்ல என்னால ஆகாது."

பர்மிஷன் கொடுப்பது அரை நிமிட வேலைதான்; யார் எதற்காக அந்தப் பட்டனை அழுத்துகிறார்கள் என்று கேட்கத்தான் எனக்கு எட்டு மாதம் பிடித்தது.