கேட்காமல் எழுந்தவள்

மியசெயின், ஜெனரலின் லுங்கிக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். நீர் தெளிப்பாள், கரிப்பெட்டியை அழுத்தி ஓட்டுவாள், மறுபடி தெளிப்பாள். அவர் வெறும் மேஜராக இருந்தபோது அந்த வீட்டுக்கு வேலைக்கு வந்தவள். அவள் தேய்த்துக் கொடுத்த சீருடையை மாட்டிக்கொண்டு போய்த்தான் அவர் ஆட்சியைப் பிடித்தார். பிறகு கால் நூற்றாண்டுக்கு மேல் நாடே அவர் சொன்னபடி ஆடியது. அவருக்கு ரத்த அழுத்தம் பார்க்கும் நர்ஸாக நான் சேர்ந்தது அந்த ஆட்சியின் கடைசிக் காலத்தில். டீச்சர், நர்ஸை எல்லாம் எங்கள் ஊரில் மரியாதையாக ஸயாமா என்பார்கள்; அவளும் என்னை அப்படித்தான் கூப்பிடுவாள்.

அந்த மார்ச்சில் மாணவர்கள் தெருவில் இறங்கினார்கள். அவளுடைய ஒரே மகன் தான்டேயைப் பிடித்து ரங்கூன் சிறையில் போட்டார்கள். ஜெனரல் ஒரு வார்த்தை சொன்னால் பையன் வெளியே வந்துவிடுவான்.

"போய்க் கேளுக்கா," என்றேன்.

"புத்தாண்டு வரட்டும், ஸயாமா. கும்பிடுறப்ப கேக்குறேன்."

புத்தாண்டன்று மண்டியிட்டுக் கும்பிட்டாள். ஜெனரல் வாழ்த்திவிட்டு, "என்ன மியசெயின், ஏதாச்சும் வேணுமா?" என்றார்.

"நீங்க நோய்நொடி இல்லாம இருந்தா போதும், ஐயா." எழுந்து வந்துவிட்டாள்.

அடுப்படியில் பிடித்துக்கொண்டேன். "வாயில கொழுக்கட்டையா வச்சிருந்தே?"

"ஐயா முகம் வாடியிருந்துச்சு, ஸயாமா. அநாவாப் போச்சு."

அடுத்தவருக்குத் தொந்தரவு கொடுக்கக் கூசுவதை நாங்கள் அநா என்போம். நல்ல குணம் என்று சொல்லித்தான் பிள்ளைகளுக்குப் பழக்குகிறோம்.

மழைக்காலத்தில் ஊரே திரண்டது. சுட்டும் அடங்கவில்லை. ஜெனரல் பதவியை விட்டார். அவர் வளர்த்துவிட்ட அதிகாரிகளே ஆட்சியை எடுத்துக்கொண்டு, அவரை வீட்டுக்குள் அடைத்தார்கள். தெருவைப் பார்த்து நின்ற காவலர்கள் இப்போது வீட்டைப் பார்த்து நின்றார்கள்.

மழை ஓய்ந்ததும் வரும் விளக்குத் திருநாளும் பெரியவர்களைக் கும்பிடும் நாள்தான். அன்று கேட்டாள்.

ஜெனரல் கஞ்சிக் கிண்ணத்தைக் கீழே வைத்தார். "அப்பவே ஏன் சொல்லல? ஒரு ஃபோன் போட்டிருப்பேனே."

"உங்களுக்குத் தொந்தரவுன்னு..."

"இப்ப ஃபோனையே புடுங்கிட்டாங்க. வாசல்ல நிக்கிற கேப்டனக் கேளு. அவன் விட்டாத்தான் எனக்குக் காய்கறியே வருது."

அவளை அடுப்படிக்குக் கூட்டிப்போனேன். சோறு போட்டு, அவளைச் சாப்பிட வைத்தேன்.

மறுநாள் காலை, கேப்டன் பல் துலக்கி முடிக்குமுன் அவர் எதிரே போய் நின்றாள்.

"தம்பி, எம் மகன் தான்டே. மார்ச்சுல புடிச்சீங்க. விடச் சொல்லுங்க."

"மார்ச்சுல புடிச்சவங்களா? புத்தாண்டு முடியிற வரைக்கும் இங்க ரங்கூன் ஜெயில்லதாம்மா இருந்தாங்க. அப்புறம் வடக்க ரோடு போட அனுப்பிட்டாங்களே."

"எந்த ஊரு?"

சொன்னார். அவள் உள்ளே வந்து, தூக்குச்சட்டியில் சோறும் பொரித்த கருவாடும் அடைத்துக்கொண்டு ரயிலடிக்குப் போனாள்.