பதிவு அலுவலகத்துப் படிக்கட்டும் ஒரு சிரமச் சான்றும்

1. தூக்குவதற்கு ஆள் இருக்கிறது

பத்திரப் பதிவு அலுவலகத்தின் வாசல் படிகளை நான் டேப் வைத்து அளந்துகொண்டிருந்தபோது, எனக்குப் பின்னால் ஒரு மூன்று சக்கர வண்டி வந்து நின்றது. கையால் சுற்றி ஓட்டும் வண்டி. அதில் முப்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண். கூடவே நடந்து வந்தவர் அவருடைய அண்ணன். அலுவலகப் பியூன் மாடசாமி உள்ளேயிருந்து எட்டிப் பார்த்துவிட்டு, காக்கிச் சட்டைக் கையை மடித்துக்கொண்டே இறங்கி வந்தார்.

“வாங்க, தூக்கிட்டுப் போயிருவோம். ரெண்டு நிமிச வேலை.”

“தொடாதீங்க,” என்றார் அந்தப் பெண்.

சத்தம் போட்டுச் சொல்லவில்லை. ஆனாலும் வாசலில் பத்திரத்தோடு காத்திருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள்.

அப்போது நான் கோவில்பட்டியில் கட்டடப் பராமரிப்புப் பிரிவில் இளநிலைப் பொறியாளர். எங்கள் பிரிவில் நான் ஒருத்திதான் பெண். எண்பதுகளின் தொடக்கம். பொதுமக்கள் வந்து போகும் அரசுக் கட்டடங்களில் ஊனமுற்றோர் ஏறி வரச் சாய்தளம் வைக்க வேண்டும் என்று எங்களுக்கு ஒரு சுற்றறிக்கை வந்திருந்தது. ஊனமுற்றோர் என்பது அன்றைய சொல். நல்ல சுற்றறிக்கைதான். ஆனால் கடைசிப் பத்தியில் ஒரு வாசலைத் திறந்து வைத்திருந்தார்கள். ஏற்கெனவே உள்ள கட்டடங்களில் சாய்தளம் அமைப்பது மிகுந்த சிரமமானால், பொறியாளர் பார்த்துச் சான்று கொடுத்தபின் விலக்கு அளிக்கலாம். எங்கள் ஆபீசில் அதற்குச் சிரமச் சான்று என்று பேர். சுற்றறிக்கை வந்த வேகத்தைவிட விலக்குக் கேட்டு மனுக்கள் வந்த வேகம் அதிகம். இந்தப் பதிவு அலுவலகமும் கேட்டிருந்தது. அதைப் பார்க்கத்தான் நான் போயிருந்தேன். ஊர்ப் பெயரை எழுதவில்லை. அந்த ஒரு ஊரில் மட்டும் நடந்த காரியம் இல்லை இது.

வாசலில் நடப்பதைப் பார்த்துச் சார்பதிவாளர் வராந்தாவுக்கு வந்தார். மேலே நின்றபடியே பேசினார்.

“எம்மா, சட்டப்படி நீங்க ஆபீசுக்குள்ள வந்து என் முன்னால கையெழுத்துப் போடணும். தூக்குததுக்கு ஆள் குடுக்கேன். இதுக்கு மேல நான் என்ன செய்ய?”

“நீங்க நாலு படி எறங்கி வாங்க சார். இங்கனயே போட்டுத் தாரேன்.”

“இது ரோடு. ஆபீசு இல்ல.”

அங்கே காத்திருந்த அவர்களுடைய பத்திர எழுத்தர் பணிவாக ஒன்றை நினைவுபடுத்தினார். உடம்பால் வர இயலாதவர்களுக்காகச் சார்பதிவாளர் வீட்டுக்கே போய்ப் பதிவு செய்யச் சட்டத்தில் இடம் இருக்கிறதே என்றார்.

“அது வர முடியாதவியளுக்கு. இவியதான் வாசல் வரைக்கும் வந்துட்டாவளே. மிச்சத்துக்குத் தூக்க ஆள் நிக்கி. வர முடியாதுன்னு நான் எப்படி எழுதுவேன்?”

அண்ணன் கெஞ்சினார். “அற்புதம், பிடிவாதம் பிடிக்காத. நாளைக்கு எனக்கு ரயிலு.”

அந்தப் பெண் வண்டியைத் திருப்பி, ரோட்டோரத்து வேப்பமர நிழலில் கொண்டு போய் நிறுத்தினார்.

நான் டீக்கடையில் தண்ணீர் வாங்கிக்கொண்டு போய்க் கொடுத்தேன். பெயர் அற்புதமணி. புதியம்புத்தூர் பக்கத்தில் ஒரு சின்ன ஊர். சிறு வயதில் போலியோ வந்து இரண்டு காலும் போய்விட்டது. கையால் சுற்றும் தையல் மெஷினில் அங்குள்ள ரெடிமேட் கம்பெனிகளுக்குப் பாவாடையும் கவுனும் தைத்துக் கொடுத்துத் தன் பாட்டைத் தானே பார்த்துக்கொள்கிறவர். அப்பா இறந்தபின் வீட்டில் பாதியை அவருக்கு எழுதிவைக்கப் பம்பாயிலிருந்து அண்ணன் லீவில் வந்திருந்தார். பாகப்பிரிவினைப் பத்திரம். இருவரும் நேரில் கையெழுத்துப் போட வேண்டும்.

“தூக்க விட்டிருந்தா வேலை முடிஞ்சிருக்குமே,” என்று நான் கேட்கவில்லை. கேட்பேன் என்று நினைத்தாரோ என்னவோ, அவராகவே சொன்னார்.

“அக்கா, போன வருசம் வேற ஒரு ஆபீசுல இப்படித்தான் தூக்குனாவ. தூக்குத கை எங்கெங்க போகும்னு உங்களுக்கு நான் வெளக்கணுமா? கீழ எறக்கி விட்டப்பெறவு, கனமே இல்லையேன்னு ஒருத்தன் சிரிச்சான். வீடு போனாப் போட்டும். இனி ஒருத்தன் கை என் மேல படக்கூடாது.”

அன்று பத்திரம் பதிவாகவில்லை. அண்ணன் மறுநாள் ரயில் ஏறிவிட்டார். கிறிஸ்துமஸுக்கு வரும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டுப் போனாராம். அதுவரை அவர் மனசு மாறாமல் இருக்க வேண்டுமே என்பதுதான் அற்புதமணியின் கவலை.

2. கரிசல் மண் தாங்காதாம்

மனுவில் மூன்று காரணம் எழுதியிருந்தார்கள். முதலாவது, கரிசல் மண். மழையில் உப்பிக் கோடையில் வெடிக்கும் மண்ணில் சாய்தளம் நிற்காது, கட்டடத்தையும் இழுத்துவிடும். இரண்டாவது, முகப்பின் அழகு கெடும். மூன்றாவது, இந்த அலுவலகத்துக்கு ஊனமுற்றோர் யாரும் வருவதில்லை.

மூன்றாவதைப் படித்தபோது எனக்குக் காது சூடானது. ஏறவே முடியாத படியை வைத்துவிட்டு, ஏறி வந்தவர் யாரும் இல்லை என்று கணக்குக் காட்டுகிறார்கள். வந்தவர் ஒருவரை என் கண்ணெதிரே திருப்பி அனுப்பினார்கள்.

கரிசல் மண் விஷயம் உண்மைதான். எங்கள் சீமையில் கட்டட வேலை பார்க்கிற எவருக்கும் அந்த மண் கொடுக்கிற தொல்லை தெரியும். ஆனால் அதற்கு மருந்தும் தெரியும். மேல் மண்ணை வெட்டி எடுத்துவிட்டுச் சரளும் மணலும் போட்டுத் திமிசுக் கட்டையால் அடித்து இறுக்க வேண்டும். சாய்தளத்தைப் பழைய சுவரோடு ஒட்டிக் கட்டாமல் நடுவில் ஒரு ஜாயிண்ட், அதாவது சின்ன இடைவெளி, விட வேண்டும். அது பாட்டுக்கு ஏறும், இறங்கும், சுவரை இழுக்காது. இது ஒன்றும் பெரிய வித்தை இல்லை. அதே மண்ணில்தான் நாலு படி உயரத்துக்குப் பேஸ்மெண்ட் போட்டு அந்தக் கட்டடமே நிற்கிறது.

இன்னொன்றும் பார்த்தேன். பக்கவாட்டில் சுற்றிப் போனால், வராந்தாவின் ஓரத்தில் ஏற்கெனவே ஒரு சிமெண்ட் சரிவு இருந்தது. கையால் சுற்றும் வண்டி ஏற முடியாதபடி செங்குத்தாகப் போட்டது. சார்பதிவாளரின் ஸ்கூட்டர் வெயிலில் நிற்காமல் இருக்க அதை வராந்தாவில் ஏற்றுவதற்காகக் கட்டியிருக்கிறார்கள். எப்போது கட்டினார்கள் என்று மாடசாமியிடம் கேட்டேன்.

“அது கெடக்கும்மா ரொம்ப வருசமா,” என்றார்.

அந்தச் சரிவில் ஒரு வெடிப்புக்கூட இல்லை. கரிசல் மண் ஸ்கூட்டரைத் தாங்கும், மூன்று சக்கர வண்டியைத் தாங்காது போலிருக்கிறது.

சிரமம் எதுவும் இல்லை, சாய்தளம் அமைக்கலாம் என்று எழுதி, படமும் போட்டுக் கொடுத்தேன். எங்கள் உதவிச் செயற்பொறியாளர் படித்துவிட்டு என்னைக் கூப்பிட்டார். கெட்டவர் என்று சொல்ல முடியாது. யாரோடும் மல்லுக்கு நிற்க விரும்பாதவர்.

“என்னம்மா இது? சார்பதிவாளரே வேண்டாங்காரு. நாம போயி வம்படியாக் கட்டணுமா?”

“அவர் ஏறதுக்கு இல்லையே சார் அது.”

“கரிசல் மண்ணுன்னு ஒரு வரி எழுது. பொய்யா அது?”

“மண்ணு உண்மை சார். முடியாதுங்கிறதுதான் பொய்.”

அவர் என் அறிக்கையை ஓரமாக வைத்தார். சில நாள் கழித்து இன்னொரு இளநிலைப் பொறியாளர் அந்த ஊருக்குப் போனார். அவர் சான்றில் கையெழுத்துப் போட்டார். மேலிடத்திலிருந்து விலக்கு ஆணை வந்தது. என்னிடம் யாரும் எதுவும் பேசவில்லை. ‘அந்தம்மா ஒரு மாதிரி’ என்று மட்டும் ஆபீசில் ஒரு பேச்சு உலவியது.

அந்த மாதம் முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை என்று எழுதினால் அது பொய். நன்றாகவே சாப்பிட்டேன். ஆனால் எந்தப் படிக்கட்டில் கால் வைத்தாலும் ஆத்திரம் வந்தது.

3. வர முடியாது என்று அவர்களே எழுதியது

விலக்கு ஆணையின் நகல் ஃபைலுக்கு வந்தபோது அதை நிதானமாகப் படித்தேன். கட்டடத்தின் அமைப்பாலும் மண்ணின் தன்மையாலும், நடக்க இயலாதவர்கள் இந்த அலுவலகத்துக்குள் வர வழி செய்ய இயலாது என்று தெளிவாக எழுதியிருந்தது. அந்த இடத்தில் நிறுத்தி மறுபடி படித்தேன். அற்புதமணியால் வர முடியும், தூக்க ஆள் இருக்கிறது என்று சொன்ன அலுவலகம், வர முடியாது என்று இப்போது அரசாங்க முத்திரையோடு வாங்கி வைத்திருக்கிறது.

அந்த ஆணை ரகசியம் எதுவும் இல்லை. யார் கேட்டாலும் கொடுக்க வேண்டியதுதான். அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஆணையின் நகலோடு பஸ் பிடித்து அற்புதமணியின் வீட்டுக்குப் போனேன். கோயில் ஆராதனை முடிந்து வந்திருந்தார். நான் சொன்னதைக் கேட்டுக்கொண்டே மெஷினின் சக்கரத்தைச் சும்மா சுற்றிக்கொண்டிருந்தார்.

“அப்போ என்னால வர முடியாதுன்னு அவியளே ஒத்துக்கிட்டாவ.”

“ஆமா.”

“நல்லதாப் போச்சு. வரட்டும். வந்து எங்க வீட்டுல உக்காந்து பதியட்டும்.”

கிறிஸ்துமஸுக்கு அண்ணன் வந்தார். நல்லவேளை, மனசு மாறாமல் வந்தார். பத்திர எழுத்தர் மனு எழுதி, ஆணையின் நகலையும் வைத்துக் கொடுத்தார். சார்பதிவாளரால் மறுக்க முடியவில்லை. அந்த வருஷம் மழை நன்றாகப் பெய்திருந்தது. மெயின் ரோட்டிலிருந்து அந்த ஊருக்குக் கரிசல் காட்டு வழியாக மண் பாதைதான். நனைந்த கரிசலில் நடந்தவர்களுக்குத்தான் தெரியும், ஒவ்வொரு அடிக்கும் செருப்பின் அடியில் மண் ஒட்டி இன்னொரு செருப்பு கூடும். சார்பதிவாளர் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, பேண்டை முழங்கால் வரை சுருட்டிக்கொண்டு வந்தாராம். பின்னால் மாடசாமி தலையில் பதிவுப் புத்தகப் பெட்டி.

அவர் கால் கழுவ அற்புதமணி ஒரு வாளி தண்ணீர் எடுத்து வைக்கச் சொல்லியிருக்கிறார். காப்பியும் போட்டுக் கொடுத்திருக்கிறார். கையெழுத்து முடிந்ததும் அவர் கடுகடுவென்று கேட்டாராம்: “ஒரு கையெழுத்துக்குத்தான இம்புட்டுப் பாடு?”

“நான் ஒங்க வாசல்ல வந்து நின்னன்னைக்கு எனக்கும் இந்த ஒரு கையெழுத்துத்தான் சார் வேலையா இருந்துச்சு,” என்றாராம் அற்புதமணி.

சேதி பரவியது. பக்கவாதத்தில் கிடந்த ஒரு விவசாயச் சம்சாரி வீட்டிலிருந்து மனு. கால் எடுக்கப்பட்ட ஒரு லாரி டிரைவர் வீட்டிலிருந்து மனு. யாரும் வருவதில்லை என்று எழுதிய அலுவலகத்துக்கு, சுற்று வட்டாரத்தில் இத்தனை பேர் இருப்பது அப்போதுதான் தெரிந்தது. மழை விட்டபாடில்லை.

4. முடியாதது முடிந்த கதை

பொங்கல் கழிந்து ஒரு நாள் உதவிச் செயற்பொறியாளர் என்னைக் கூப்பிட்டார்.

“அந்தப் பதிவு ஆபீசுல ஒரு சரிவு போட முடியுமான்னு பாரும்மா. அவரே கேக்காரு. அவசரமாம்.”

“கரிசல் மண்ணு தாங்காதுன்னு நாம சான்று குடுத்திருக்கோமே சார்.”

அவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு, “ஒன் படம் இருக்குல்லா, அதையே எடு,” என்றார்.

கட்டினோம். மேல் மண்ணை வெட்டிச் சரள் போட்டு, ஜாயிண்ட் விட்டு, அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளமென்று மெதுவாக ஏறும்படி கட்டினோம். அடுத்த கோடையில் போய்ப் பார்த்தேன். சுற்றிலும் தரை பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. சாய்தளத்தில் கீறல் இல்லை. கர்ப்பிணிகளும் வயசாளிகளும் படியை விட்டுவிட்டு அதில்தான் ஏறிக்கொண்டிருந்தார்கள். அழகு கெட்டதாக யாரும் சொல்லவில்லை.

எனக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. ஒரு பெண் வாசலில் நின்று தொடாதீங்க என்று சொன்னது யார் காதிலும் ஏறவில்லை. ஒரு அதிகாரியின் காலில் சேறு ஒட்டியது மட்டும் மேலிடம் வரை ஏறியது. அதே மண், அதே கட்டடம், அதே சிமெண்ட். கஷ்டப்பட்ட ஆள் மட்டும் மாறினார்.

பிற்பாடு நானே விலக்குக் கொடுக்கிற இடத்துக்கு வந்தேன். இந்த வேலைக்கு வருகிற இளைஞர்களுக்கு நான் சொல்ல விரும்புவது ஒன்றுதான். சிரமம் என்று ஒரு மனு வந்தால், யாருக்குச் சிரமம் என்று முதலில் கேளுங்கள். மண்ணையும் சுவரையும் பிறகு பார்க்கலாம். உண்மையிலேயே கட்ட முடியாத இடங்களும் உண்டு. அங்கே விலக்குக் கொடுத்திருக்கிறேன். கொடுத்தபோது, உள்ளே வர முடியாதவரைத் தேடி நீங்கள் எப்படி வெளியே போவீர்கள் என்று எழுதி வாங்கிக்கொண்டுதான் கொடுத்தேன்.

ஓட்டப்பிடாரம் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்துக்கு விலக்குக் கேட்டு, தலைமையாசிரியர் என்னை நேரில் பார்க்க வந்தார். நல்ல மனிதர், நிதானமாகப் பேசினார்.

“எங்க பள்ளிக்கூடத்துல அப்படிப் பிள்ளைகளே கெடையாதும்மா.”

“ஊர்ல?”

அவர் யோசித்தார். ஒரு பெயர் சொன்னார். பிறகு கீழத்தெருவில் இன்னொன்று. அப்புறம் தன் சொந்தக்காரர் வீட்டுப் பெண் ஒன்று.

“அதுகள்லாம் வீட்டுலதான் இருக்கு. பள்ளிக்கூடத்துக்கு வாரதில்லையே,” என்றார். சொல்லி முடித்ததும் அவர் முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. கொண்டு வந்த மனுவை மேஜையிலிருந்து அவரே திரும்ப எடுத்துக்கொண்டார்.