டிராக்டர் வளையம் போட்ட ரேஸ் கார்

ராஜபாளையத்தில் பாண்டிசெல்வியின் பட்டறைக்கு டிராக்டர்தான் வரும். ஐ.டி.ஐ. முடித்துப் பட்டறை போட்டுப் பதினோரு வருடமாகிறது. ஒரு கார்கூட வந்ததில்லை. கழற்றிய போல்ட்டுகளை வரிசை மாறாமல் அட்டையில் குத்தி, எது எங்கிருந்து வந்தது என்று பென்சிலால் எழுதிவைக்கிற பெண் அவள். ஆனாலும் ஊர்வாய் சும்மா இருக்குமா? "உழவு வண்டிக்குச் சரிதான். காரு வேலை அவளுக்கு ஏலுமா?"

அப்படியிருக்க ஒருநாள், மில் முதலாளி ராஜரத்தினம் தன் சிவப்பு டிரையம்ப் ஸ்போர்ட்ஸ் காரைக் கயிறு கட்டி இழுத்து வந்தார். ஐம்பத்தெட்டாம் வருட மாடல். மூன்று மெக்கானிக்குகள் கைவிட்ட வண்டி. பன்னிரண்டு கிலோமீட்டர்தான் ஸ்ரீவில்லிபுத்தூர்; இரண்டு தடவை கிளம்பியும் பாதி வழியில் ஒரு புளியமரத்தடியில் கொதித்து நின்றது; பஸ்ஸில் போனவர்களெல்லாம் சிரித்தார்கள். வருகிற ஞாயிறு மதுரைக்காரர்கள் பழைய கார்களோடு ஸ்ரீவில்லிபுத்தூரில் கூடுகிறார்கள்; அங்கே இந்த வண்டியில் போய் இறங்க வேண்டும் அவருக்கு.

பாண்டிசெல்வி ஆயில் அளவு பார்க்கும் டிப்ஸ்டிக்கை உருவினாள். ஆயில், பால் டீ நிறத்தில் இருந்தது. தண்ணீர் கலந்திருக்கிறது. இன்ஜினின் மேல்மூடியான ஹெட்டைக் கழற்றியதும் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"முதலாளி, இது நமக்குப் பழக்கமான ஆளுதான். பழைய பெர்குசன் டிராக்டர்ல வார இன்ஜினு."

"ஏம்மா, ரேஸ்ல ஓடுன வண்டிம்மா இது!"

"ஓடட்டுமே. மொதல்ல வயல்ல உழைச்சுச்சு, குடும்பக் கார்ல ஓடுச்சு. பொறவுதான் கொஞ்சம் மாத்தி ரேஸுக்கு விட்டாங்க. அதான் லேசுல சாகாது. சிலிண்டருக்குள்ள இருக்க குழாய், லைனரு, அதைத் தனியா உருவி மாட்டலாம். அதுக்கு அடியில தண்ணி ஆயில்ல எறங்காமத் தடுக்க, எட்டு நம்பர் மாதிரி ஒரு வளையம் வரும். அது இல்லாம யாரோ பசையைத் தேச்சு வச்சிருக்கான்."

"மெள்ளப் பேசு" என்று முதலாளி சுற்றிலும் பார்த்தார். "டிராக்டர்னு வெளிய சொல்லிராத."

லண்டனிலிருந்து வளையம் வர ஒரு மாதமாகும். பாண்டிசெல்வி நேரே வத்திராயிருப்புக்குப் பஸ் ஏறினாள். அங்கே மொக்கைச்சாமியின் தென்னந்தோப்பில் ஒரு பழைய பெர்குசன் நிற்கிறது. அதன் பெட்டியில் பிரிக்காத வளையம் கிடப்பதை அவள் பார்த்திருக்கிறாள்.

"தாரேன் தாயி" என்றார் மொக்கைச்சாமி. "ஆனா அந்தக் கார்ல நானும் ஒக்காந்து வாரேன்."

வளையத்தின் மேல் உட்காரும் லைனர், இன்ஜின் பிளாக்கின் மட்டத்துக்கு மேல் முடியளவு துருத்தி நிற்க வேண்டும். நான்கு லைனர்களையும் நான்கு தடவை அளந்தாள். மூன்றாவது சற்றே தாழ்ந்திருந்தது. சனிக்கிழமை மத்தியானம் எல்லாவற்றையும் மறுபடி உருவி, துடைத்து, மட்டம் சரியாகும்வரை மாட்டினாள். இந்தத் தடவையும் கொதித்தால் இனி ஒரு காரும் அவள் வாசலை மிதிக்காது.

ஞாயிறு காலை முதலாளி ஓட்ட, பக்கத்தில் மொக்கைச்சாமி. பாண்டிசெல்வி ஸ்கூட்டரில் பின்னாலேயே போனாள். இரண்டு தடவையும் வண்டி நின்ற புளியமரம் வந்தது, முன்னால் ஆவி கிளம்புகிறதா என்று எட்டிப் பார்த்தாள். புளியமரம் போயே போய்விட்டது.

ஸ்ரீவில்லிபுத்தூரில் இறங்கியதும் மொக்கைச்சாமி உரக்கச் சொன்னார்: "அட, நம்ம டிராக்டரு சத்தமேதான்!"

கூட்டம் திரும்பியது. ராஜரத்தினத்தின் முகம் சுருங்கியது. அதற்குள் மதுரைக்காரர் ஒருவர் ஓடிவந்தார். "என் டிரையம்ப் போற வழியெல்லாம் கொதிச்சு நிக்குது சார். இந்த வண்டியை யார் பார்த்தா?"

முதலாளி பாண்டிசெல்வியைக் கைகாட்டினார். "எங்க ஊர்ப் பிள்ளை. டிராக்டர் இன்ஜின் சார், சாகாது!"

பாண்டிசெல்வி அதைக் கவனிக்கவில்லை. டிப்ஸ்டிக்கை உருவித் துணியில் துடைத்து, மறுபடி விட்டு எடுத்துப் பார்த்தாள். தேன் நிறம்.

"என்ன தாயி பாக்கே?"

"பால் டீ ஆயிருச்சான்னு பாக்கேன். பாலெல்லாம் பால்கோவாக் கடையில இருந்தாப் போதும்."

பிறகு மதுரைக்காரரிடம் திரும்பினாள். "செவ்வாக்கெழம கொண்டாங்க சார். நாளைக்கு ரெண்டு டிராக்டர் வேலைக்கு நிக்கு."