இரண்டு பஞ்சாங்கமும் ஒரு வோக்கியும்

பருத்தித்துறையில் யாருக்காவது கைத்தொலைபேசியின் கடவுச்சொல் மறந்துபோனால் நேரே உதயகலா வீட்டுக்குத்தான் வருவார்கள். பள்ளிக்கூடத்தில் கணினி படிப்பிக்கிற அவள், கணினிப் பாதுகாப்பில் முதுமாணிப் பட்டத்துக்குப் படிக்கிறாள் என்று ஊருக்கே தெரியும். அதில் என்னதான் இருக்கிறதென்று ஒருவருக்கும் தெரியாது. "உது பூட்டு உடைக்கிற படிப்போ, பூட்டுப் போடுற படிப்போ?" என்று சந்தையில் மரக்கறி விற்கும் அற்புதராணி கேட்டார்.

"ரெண்டும்தான் அன்ரி. உடைக்கத் தெரியாதவள் எப்பிடிப் பூட்டுப் போடுறது?"

மகள் தனுஷிகா உயர்தரம் படிக்கிற வயதில் தாயும் புத்தகத்தைத் தூக்கினால் நாலு பேர் சிரிக்கத்தான் செய்வார்கள். சிரிக்கட்டும். ஞாயிற்றுக்கிழமைகளில் விரிவுரைக்குப் போகும் யாழ்ப்பாண பஸ் புத்தூரைத் தாண்டும்போது அவள் முதன்மை எண்களோடு மல்லுக்கட்டிக்கொண்டிருப்பாள். பூட்டை ஊருக்கெல்லாம் கொடுத்துவிட்டுச் சாவியை மட்டும் மடியில் வைத்திருக்கலாம் என்ற கணக்கு விளங்கிய அன்று, வந்த சந்தோஷத்தில் பிட்டுக்குத் தேங்காய்ப்பூப் போட மறந்துவிட்டாள். வறட்டுப் பிட்டை மென்று விழுங்கிய கணவன் டிலக்ஷன், "நல்ல படிப்புத்தான்" என்றான்.

இணையம் எட்டாத கடலில் நிற்கும் மனிதர்கள் இரகசியச் சாவியை எப்படிப் பகிர்ந்துகொள்வது என்பது அவளுடைய ஆய்வு. எழுத்தளவில் எல்லாம் சரி. ஆனால் அவளுக்கு வழிகாட்டும் கலாநிதி தக்சாயினி விடுகிற ஆளில்லை. "கடதாசியிலை எல்லாம் ஓடும், உதயகலா. கடலிலை ஓடுதோ எண்டு காட்டுங்கோ. இந்தத் தவணைக்குள்ளை காட்டாட்டிப் பதிவு முடிஞ்சிடும், இனி நீட்டித் தரமாட்டினம்." பட்ட பாடெல்லாம் விழலுக்கு இறைத்த நீராகிவிடுமோ என்று அவள் பயந்தாள்.

இந்தக் கரையில் மீன் பட்ட இடத்தை, படகுகள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் வோக்கியில் நேரே சொல்லுகிற வழக்கம் கிடையாது. 'மாமி வீட்டிலை சாப்பாடு' என்றால் ஓரிடம், 'சித்தப்பா வீட்டிலை விருந்து' என்றால் இன்னோரிடம். குடும்பத்துக்கு ஒரு பாஷை. உதயகலா காலைச் சமையலோடு சமையலாக வோக்கியைத் திறந்துவைத்துக் கேட்டாள். மாமி வீட்டுக்குப் போன படகு எந்தப் பக்கத்திலிருந்து, எவ்வளவு நேரத்தில் கரைக்கு வருகிறது என்று பார்த்தாள். கொஞ்ச நாளில் எல்லாருடைய மாமிமாரும் பிடிபட்டுவிட்டார்கள். தங்கள் மாமி வீடு கடலடியில் எந்தக் கற்பார் என்று அவள் சொன்னதும் டிலக்ஷன் தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தான்.

"உனக்குத் தெரியுமெண்டால் மற்றவங்களுக்கும் தெரியுமெல்லே?"

"எப்பவோ தெரிஞ்சிருக்கும்."

அவனும் அவன் அண்ணன் சீவரத்தினமும் ஆளுக்கொரு படகு வைத்திருந்தார்கள். அவளுடைய முறையைக் கடலில் சோதித்துப் பார்க்க இருவரும் அன்றைக்கே சம்மதித்தார்கள். இடங்களுக்கு அவள் எண் கொடுத்தாள். அந்த எண்ணோடு, நாளுக்கு நாள் மாறும் இன்னோர் எண்ணைக் கூட்டிச் சொல்ல வேண்டும். கேட்பவர் கழித்துப் பார்க்க வேண்டும். மாறும் எண்ணுக்கு எங்கே போவது? பஞ்சாங்கம் இல்லாத வீடு எங்கே இருக்கிறது! அன்றைய திதி முடிகிற நேரத்தின் நிமிடம்தான் சாவி. தன் கெட்டித்தனத்தை நினைக்க அவளுக்கே பெருமை தாங்கவில்லை.

சோதனை நாளில் டிலக்ஷனின் வலையில் பாரை மீன் அள்ளுப்பட்டது. எண்ணைக் கூட்டிச் சொன்னான். சீவரத்தினம் கழித்துப் பார்த்து, எண்ணெயை எரித்துக்கொண்டு எதிர்த்திசையில் போய் வெறுங்கடலில் நின்றார். கரைக்கு வந்தபோது மனிசன் நெருப்பாக இருந்தார்.

"பிள்ளை, அங்கை ஒரு சூடைக்குஞ்சுகூட இல்லை!"

உதயகலா கடதாசியை எடுத்தாள். கணக்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள், பிழையில்லை. "எத்தினை நிமிஷம் எடுத்தனீங்கள் அத்தான்?" அவர் சொன்ன நிமிடம் அவள் வீட்டுச் சுவரில் தொங்கிய பஞ்சாங்கத்தில் இல்லை. "எங்கை பாத்தனீங்கள்?"

"எங்கடை வீட்டுப் பஞ்சாங்கத்திலை. வேறை எங்கை பாக்கிறது?"

அவர் இருப்பது மனைவி குணலட்சுமியின் சீதன வீட்டில். அங்கே தொங்குவது திருக்கணிதப் பஞ்சாங்கம். இங்கே வாக்கியம். இரண்டும் நேரம் ஒத்துப்போகாமல் யாழ்ப்பாணத்தில் தலைமுறை தலைமுறையாக இழுபடுகிற வழக்கு அது. வருஷப்பிறப்புக்கு இந்த வீட்டில் ஒரு நேரமும் அந்த வீட்டில் இன்னொரு நேரமும் தலைக்கு மருத்துநீர் வைப்பதைப் பார்த்து வளர்ந்தவள், இதை எப்படித்தான் மறந்தாளோ! முதலில் சிரித்தது டிலக்ஷன். சீவரத்தினம் மட்டும் கறாராகச் சொன்னார்: "பஞ்சாங்கத்தை மாத்தச் சொல்லாதை பிள்ளை. அவள் எனக்குச் சோறு தரமாட்டாள்."

வெட்கத்தை விழுங்கிக்கொண்டு உதயகலா தக்சாயினிக்கு நடந்ததைச் சொன்னாள். மறுமுனையில் சிரிப்பு அடங்கவே நேரமெடுத்தது. "இதைத்தானே நான் எதிர்பாத்தனான்! ரெண்டு பேரும் ஒரே சாவி வச்சிருக்கிறம் எண்டு நம்புறதும், உண்மையிலை ஒரே சாவி இருக்கிறதும் வேறை வேறை. படகு திரும்ப முதல் அதைப் பாக்க ஒரு வழி வையுங்கோ."

வழி வைத்தாள். கடலில் இறங்கியதும் அண்ணனும் தம்பியும் முன்னமே பேசிவைத்த ஒரு வெற்று எண்ணோடு அன்றைய நிமிடத்தைக் கூட்டிச் சொல்லிக்கொள்ள வேண்டும். பொருந்தாவிட்டால், அண்ணன் கையோடு கொண்டுபோகும் வாக்கியப் பஞ்சாங்கத்தைப் பார்க்க வேண்டும். இரண்டாம் சோதனையில் இரு படகும் பக்கத்தில் பக்கத்தில் நின்று வலை இழுத்தன.

நேர்முகப் பரீட்சையில் வெளியூர்ப் பரீட்சகர் ஆய்வேட்டைப் புரட்டிவிட்டு, முகத்தில் சிரிப்பே இல்லாமல் கேட்டார்: "கடைசியில் எந்தப் பஞ்சாங்கம் சரி?"

"அது என்னுடைய ஆய்வின் எல்லைக்கு அப்பாற்பட்டது, சேர்."

அவர் வாய்விட்டுச் சிரித்தார். அறையே சிரித்தது. சித்தியடைந்துவிட்டாள் என்றார்கள்.

வெளியே ஓடிவந்து வீட்டுக்கு அழைத்தாள். தனுஷிகா சத்தம் போட்டுத் துள்ளிவிட்டு, தொலைபேசியை வோக்கிக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு கடலில் நின்ற தகப்பனுக்குச் செய்தியைச் சொன்னாள். வோக்கி இரைந்தது. பிறகு டிலக்ஷனின் குரல், எண்ணுமில்லை, மாமியுமில்லை, பச்சைத் தமிழில்:

"எல்லாருக்கும் கேக்குதோ? என்ரை மனிசி பாஸ்! முனைக்கு நேர் வடக்கை நிக்கிறன், பாரை அள்ளுப்படுது, எல்லாரும் வாங்கோ!"

"டேய் விசரா, இடத்தைச் சொல்லாதையடா!" என்று சீவரத்தினம் கத்தினார். அதற்குள் நாலைந்து படகுகளின் இயந்திரங்கள் முடுக்கும் சத்தம் கேட்கத் தொடங்கிவிட்டது.