உவர்க்கிணற்று ஆபிரிக்க மீன்கள்

போத்தல் மூடியைத் திறந்து ஒரு வாய் தண்ணீரை விட்டு, கன்னத்துக்குக் கன்னம் உருட்டி, முற்றத்துத் தென்னையடியில் துப்புகிறார் குகநாதன். பிறகுதான், மீன் கேட்டுத் தன் வீட்டுக் கிணற்றுத் தண்ணீரோடு வந்தவரை ஏறிட்டுப் பார்க்கிறார். "நல்ல தண்ணி. மீன் தர ஏலாது."

புங்குடுதீவில் இப்படியொரு பதிலைக் கேட்டால் யாருக்கும் தலை சுற்றும். நல்ல தண்ணீர்க் கிணறு உள்ள வீட்டுக்குக் கலியாணப் பேச்சிலேயே தனி மதிப்பு. குகநாதனிடம் அந்தப் பெருமை எடுபடாது. அவர் வளர்ப்பது ஆபிரிக்கச் சிக்லிட் மீன்கள். அங்கத்தைய பெரிய ஏரிகளும் நம்முடைய கிணறுகளைப்போலச் சுண்ணாம்புத் தண்ணீர்தானாம். "தண்ணி கொதிக்கிற கேத்திலிலை வெள்ளையாய்ப் படியுதோ? அப்ப அதுகளுக்குத் தாய்வீடு" என்பார்.

கொழும்பில் வளர்ப்பு மீன் கடையொன்றில் வேலைக்கு நின்றவர். எழுபத்தேழுக் கலவரத்தில் ஊருக்கு ஓடிவந்தபோது மற்றவர்கள் நகைநட்டைக் காப்பாற்றினார்கள். இவர் ஒரு பிஸ்கட் தகரத்தில் மீனைக் காப்பாற்றினார். இப்போது விறாந்தை முழுக்கக் கண்ணாடிப் பெட்டிகள். வருகிறவர்களின் விரல் நேரே போவது நீலமும் மஞ்சளுமாக மினுங்கும் பெரிய மீன்களிடம். விரலைத் தட்டிவிடுவார். "உம்மடை பெட்டி ரெண்டடிதானே? உதுக்குள்ளை இவரை விட்டால் மற்றதுகளைக் கடிச்சே முடிச்சுப்போட்டுத் தனிய ராசா மாதிரி இருப்பார்."

சின்னப் பெட்டிக்கு அவர் தருவது ஊரி மீன்தான். சுண்டுவிரல் நீளம்கூட வராது. அடிமணலில் வெற்று ஊரிச் சங்குகளைப் போட்டுவிட்டால் அவற்றுக்குள் புகுந்து குடித்தனம் நடத்தும். ஊரியைக் கடற்கரையில் அவரே பொறுக்கி, அவித்துக் கழுவி, சும்மா தருவார். காற்றுப் பம்பு இல்லாத வீட்டுக்கு ஒரு சோடிக்குமேல் கிடையாது. தீனித்தூளும் அவருடைய அரைப்புத்தான். அதில் என்ன கலக்கிறார் என்று ஐயர் வீட்டார் கேட்பதில்லை, அவரும் சொல்வதில்லை.

ஐயர் வீடு நயினாதீவில் இருக்கிறது. அந்தக் குருக்கள் குடும்பத்துக்கு வாழ்க்கைப்பட்டு வந்த அம்பிகைக்குத் தகப்பன் ஒரு கண்ணாடிப் பெட்டி கொடுத்துவிட்டிருந்தார். பகல் முழுக்கப் பேச்சுத்துணை இல்லாத வீட்டில் அதுதான் அவளுக்கு ஆறுதல். இரண்டு தடவை தங்கமீன் விட்டாள். இரண்டு தடவையும் செத்தன. மாமியார் அன்னபூரணம் தீர்த்துச் சொல்லிவிட்டார்: "இன்னொரு உயிர் இந்த வீட்டிலை போகக்கூடாது. போனால் பெட்டியும் போயிடும்."

அவள் கொண்டுவந்த போத்தலும் குகநாதனின் வாய்க்குத் தப்பவில்லை. "உது உங்கடை வளவுக் கிணறோ, தங்கச்சி?"

அம்பிகையின் முகம் சிவந்தது. "இல்லை அண்ணை. எங்கடை தண்ணி வாயிலை வைக்கேலாது. இன்னொரு வீட்டுக்கு அதைக் குடுத்துவிடுறது மரியாதை இல்லையெண்டு மாமி நல்ல கிணத்திலை அள்ளித் தந்தவா."

குகநாதன் தொடையில் தட்டிச் சிரித்தார். ஒரு சோடி ஊரி மீனை எடுத்துக் கொடுத்தார். "முதலே சொல்லியிருக்கலாமே! உங்கடை தண்ணியிலையே விடும். இது சாகாது. நான் சொல்லுறன், சாகாது."

கார்த்திகையில் ஐயர் வீட்டிலிருந்து, குறிகட்டுவான் துறை வழியாக, ஆள்மூலம் சேதி வந்தது: சோடியில் பெட்டைமீனைக் காணவில்லையாம். "ஒண்டும் நடந்திராது" என்றார் குகநாதன். சொன்ன கையோடு, சேட்டுப் பொத்தானை மாறிப் பூட்டிக்கொண்டு நயினாதீவு லோஞ்சுப் படகில் ஏறினார். வேடிக்கை பார்க்க, அடுத்த வளவில் இருக்கிற நானும் ஏறினேன். வழியெல்லாம் ஆபிரிக்க ஏரிகளின் ஆழத்தை எனக்கு விளக்கினார். நான் கேட்கவேயில்லை.

ஐயர் வீட்டில் பெட்டி ஏற்கெனவே விறாந்தை விளிம்புக்கு வந்திருந்தது. அம்பிகை அதன் ஒரு மூலையைப் பிடித்தபடி நின்றாள். அன்னபூரணத்தின் கையில் வாளி. "குடுத்தது ரெண்டு. நீந்திறது ஒண்டு. நாற முந்திக் கடல்லை கொட்டவேணும்."

"கொஞ்சம் பொறுங்கோ அம்மா. கடலிலை விட்டால் மற்றதும் செத்துப்போம்."

குகநாதன் குந்தியிருந்து பார்த்தார். ஆண்மீன் ஒரேயொரு ஊரியைச் சுற்றிச் சுற்றி வந்தது. அவர் கழுத்தில் வியர்வை இறங்கியது. அம்பிகை என்னைப் பார்த்தாள். நான் கூரையைப் பார்த்தேன்.

ஊரியின் வாயில் ஒரு வால் அசைந்தது. பெட்டைமீன் பின்னோக்கி வெளியே வந்தது. அதன் பின்னால் எள்ளளவில் ஒன்று, இன்னொன்று, பிறகு ஒரு கூட்டம்.

"அடி பிள்ளை, இஞ்சை பார்! பெத்திருக்கிறாள்!" அன்னபூரணம் வாளியைப் போட்டுவிட்டுக் கண்ணாடியில் மூக்கை வைத்தார். அம்பிகை அழுதுகொண்டே சிரித்தாள்.

"நான் சொன்னனானெல்லே" என்று குகநாதன் ஆரம்பிப்பாரென்று நான் காத்திருந்தேன். அவர் மெதுவாக எழுந்தார். பெட்டியைப் பார்த்தபடி, தோளில் கிடந்த சால்வையை எடுத்து, மூலஸ்தானத்தின் முன்னால் நிற்பவரைப்போல, இடுப்பில் சுற்றிக் கட்டிக்கொண்டார்.