காதுகுத்துக்குப் போன இடத்தில் ஊட்டிய வெல்லம்

1936 தை மாதம் சேலத்திலிருந்து திருச்செங்கோட்டுக்குப் போனது என் மகள் செல்லத்தின் காதுகுத்துக்காக. காக்காய் வலிப்பினால் ஏழு வயதுவரை தள்ளிப்போன சடங்கு. சேலத்து டாக்டர் ஒருவர் சோறு, சர்க்கரை, வெல்லம் எல்லாவற்றையும் நிறுத்தி, வெண்ணெய், பாலாடை, முட்டை என்று அளந்து கொடுக்கச் சொல்லியிருந்தார். இந்தப் பத்தியம் எல்லாருக்கும் கேட்காது என்று முதலிலேயே சொல்லிவிட்டார். செல்லத்துக்குக் கேட்டது. ஐப்பசிக்குப் பிறகு ஒருமுறைகூட வலிப்பு வரவில்லை.

சூரமங்கலத்தில் காலை ரயிலேறி சங்ககிரியில் இறங்கினோம். அங்கிருந்து ஆறு மைல். குதிரை வண்டிக்குப் பன்னிரண்டு அணா. ரயிலில் நான் வெண்ணெய் ஊட்டுவதைப் பார்த்து எதிரே இருந்த அம்மாள், "ஏனுங்க, புள்ளைக்கு ஒரு வாய் சோறு போட மனசு வரலீங்களா?" என்றாள். முன்பின் தெரியாதவளுக்கு எவ்வளவு அக்கறை பாருங்கள்!

காதுகுத்து என் நாத்தனார் வீட்டில். குத்தும்போது பிள்ளை அழாமலிருக்க வாயில் வெல்லம் வைப்பது எங்கள் வழக்கம். வெல்லம் கூடாது, தேங்காய்ச் சில்லு போதும் என்று போனதுமே சொல்லிவிட்டேன்.

"துளி இனிப்புல என்னாயிரும் அம்மிணி? உங்க டாக்டருக்கு நம்ம சாங்கியம் தெரியுமாக்கும்?" என்று நாத்தனார் சிரித்தாள்.

"விளையாட்டில்லீங்க. வேண்டாம்னா வேண்டாம்."

தலையாட்டினாள். நானும் நம்பித் தொலைத்தேன். தேங்காய் எடுக்க அடுக்களைக்குப் போய் வருவதற்குள் காது குத்தி முடித்திருந்தார்கள்.

சாயங்காலம் பந்தி நடக்கும்போதே செல்லத்துக்குக் கைகால் வெட்டி இழுத்தது. யாரோ சாவிக்கொத்தை அவள் கையில் திணித்தார்கள். பிடுங்கி எறிந்துவிட்டு அவளை ஒருக்களித்துப் படுக்க வைத்தேன்.

"புள்ளையப் பட்டினி போட்டா இழுக்காம என்ன பண்ணும்? பெத்தவளா இவ?" என்று நாத்தனார் மாரில் அடித்துக்கொண்டாள். பந்தியே ஆமாம் போட்டது. என் கணவரும் தலையைக் குனிந்துகொண்டார்.

வெகுநேரம் கழித்துக் கண் விழித்த செல்லம் என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: "நான் வெல்லத்தத் துப்பிட்டேம்மா. அத்தை மறுக்கா ஊட்டி என் வாயப் பொத்திருச்சு."

நாத்தனார் எழுந்து அடுக்களைக்குள் போய்விட்டாள்.

இப்படிப் பத்தியத்திலிருக்கும் பிள்ளையோடு கிளம்புகிறவர்களுக்குச் சொல்கிறேன். டாக்டர் மேற்பார்வையில்லாமல் இந்தப் பத்தியத்தைத் தொடங்காதீர்கள். சாப்பாட்டை வீட்டிலிருந்தே கொண்டுபோங்கள். உறவு வீட்டில் பிள்ளையை மடியைவிட்டு இறக்காதீர்கள். திமிர் பிடித்தவள் என்பார்கள், சொல்லிவிட்டுப் போகட்டும். டாக்டர் எங்களை மறுபடி முதலிலிருந்து தொடங்கச் சொல்லியிருக்கிறார். செல்லம் முகம் சுளிக்காமல் வெண்ணெய்க்கு வாய் திறக்கிறாள். ஏழு வயதுப் பிள்ளைக்குப் புரிந்தது, ஒரு வீடு நிறையப் பெரியவர்களுக்குப் புரியவில்லையே!