சனிக்கிழமைக்குள் என்று எழுதிய மூடி

போன புதன்கிழமை நானும் எங்கள் வீட்டுக்காரரும் சங்கரன்கோவிலிலிருந்து ராஜபாளையம் போய், அங்கிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாளைச் சேவித்துவிட்டு வந்தோம். ஒரே நாள் பயணம்தான். காது கேட்காதவரை அழைத்துக்கொண்டு போகிறவர்களுக்கு உதவும் என்று எழுதுகிறேன்.

பெங்களூரில் எங்கள் மகளுக்கு இது ஒன்பதாம் மாதம். வெள்ளிக்கிழமை ராத்திரி பஸ்ஸில் மருமகன் எனக்கு டிக்கெட் போட்டிருந்தார். போனால் திரும்பி வர மூன்று மாதம் ஆகும். அதுவரை வீட்டுக்காரரைத் தனியாக விடலாமா என்பதுதான் என் கவலை. மார்கழியில் வந்த காய்ச்சலோடு இவருக்கு இரண்டு காதும் அடைத்துப்போயிற்று. மெஷின் வைத்தும் தேறவில்லை. அன்றிலிருந்து பால் பாக்கெட் வாங்கக்கூடத் தனியே போனதில்லை. கூட வாருங்கள் என்றால், "சம்பந்தி வீட்டுல எல்லாரும் எங்கிட்டக் கத்திக்கிட்டே இருக்கணுமா?" என்று கேட்டுவிட்டார். வியாழக்கிழமையன்று அந்த டிக்கெட்டைக் கேன்சல் பண்ணச் சொல்லிவிடலாம் என்றுதான் நினைத்திருந்தேன். அதற்கு முன் ஒரு தடவை ஆண்டாள் தாயாரிடம் சொல்லிவிட்டு வரலாமே என்று கிளம்பினோம்.

காலை 8.20க்குப் பஸ். ஒரு மணி நேரத்தில் ராஜபாளையம். பிறக்கப்போகிற குழந்தைக்கு மெத்தென்ற வெள்ளைத் துணி இங்கே நன்றாகக் கிடைக்கும். ஒரு கடையில் ஏறினோம். எந்தத் துணியிலும் விலை போடவில்லை. இவரே துணியைத் தடவிப் பார்த்து, "மீட்டர் எவ்வளவு?" என்றார். கல்லாவில் இருந்தவர் குனிந்தபடியே ஏதோ சொன்னார். இவர் மறுபடி கேட்டார். அவர் தலையைத் தூக்கி, "எத்தன தடவ சொல்றது பெருசு, காது செவிடா?" என்றார். நான், "ஆமாங்க, கேக்காதுதான்" என்றேன். அந்த மனிதர் பாவம், முகம் செத்துப்போய், "மன்னிச்சுக்கங்கம்மா" என்றார். ஆனால் இவர் அதற்குள் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே நின்றுவிட்டார். நான் நாலு மீட்டர் வாங்கிக்கொண்டு வந்தேன். இனி அவ்வளவுதான், பெங்களூர் இல்லை என்று மனசுக்குள் முடிவாகிவிட்டது.

ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் பன்னிரண்டு கிலோமீட்டர். 10.25க்கு ஏறினோம். டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு இலவசம் என்பதால் எனக்கு டிக்கெட் இல்லை, இவருக்குப் பத்து ரூபாய். பதினோரு மணிக்கெல்லாம் கோயில் வாசலில் இருந்தோம். மதியம் நடை சாத்திவிடுவார்கள், அதனால் பன்னிரண்டுக்குள் போய்விடுவது நல்லது.

சந்நிதியில் தாயார் இடது கையில் பச்சைக் கிளியோடு நின்றாள். இலையால் தினமும் புதிதாகச் செய்கிற கிளி. நான் கண்ணை மூடாமல் இவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். தீர்த்தம் வந்தபோது கையைக் குழித்து நீட்டினார். துளசிக்கு நீட்டினார். சடாரிக்குத் தலை குனிந்தார். ஒன்றிலும் தடுமாற்றம் இல்லை. இங்கே யாரும் யாரையும் எதுவும் கேட்க வேண்டியதில்லை, அடுத்தது என்ன என்று கண்ணால் பார்த்தாலே தெரிகிறது என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. "தாயே, வெளியிலும் இப்படி ஒரு இடம் காட்டு" என்று மட்டும் கேட்டுக்கொண்டேன்.

வெளியே வந்து பால்கோவா வாங்கப் போனோம். கோயில் பக்கத்துத் தெருவில் சின்னக் கடை. ஐம்பது வயதிருக்கும் ஒரு அம்மா நடத்துகிறார். கடை முன்னால் ஒரு பலகையில் கால், அரை, ஒரு கிலோ காலிப் பெட்டிகளை ஒட்டி, கீழே விலையைப் பெரிதாக எழுதியிருந்தார். பக்கத்தில் அட்டையில் வரைந்த கடிகாரம், "இன்று அடுப்பிலிருந்து இறக்கிய நேரம்" என்று எழுதிய அதில் முள் பதினொன்றில் நின்றது. நான் வாயைத் திறப்பதற்குள் இவர் முன்னால் போய் நடுப்பெட்டியைத் தொட்டு, "அரைக் கிலோ!" என்றார். தன் குரல் தனக்குக் கேட்காததால் அது தெருவுக்கே கேட்டது. அந்த அம்மா சிரித்துவிட்டார். "அண்ணாச்சி, உள்ள அடுப்படி வரைக்கும் கேட்டுருச்சு!"

நான் காதைத் தொட்டுக் காட்டினேன். அவர் அதற்காக முகத்தை மாற்றிக்கொள்ளவில்லை. கால்குலேட்டரில் 180 என்று தட்டி இவர் பக்கம் திருப்பி வைத்தார், அவ்வளவுதான். இவர் இருநூறு ரூபாயை நீட்டி, மீதியை எண்ணி வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். ஆறு மாதத்தில் இவர் தானாக வாங்கிய முதல் பொருள்.

"இதெல்லாம் காது கேக்காதவங்களுக்காகவா வச்சீங்க?" என்று கேட்டேன்.

"அட போங்கக்கா. வர்றவுக எல்லாம் 'எம்புட்டு, எப்பச் செஞ்சது, எத்தன நாளு தாங்கும்'னு கேட்டுக் கேட்டு என் வாய் வலிச்சுப்போச்சு. அதான் எழுதிப்புட்டேன்" என்றார். பிறகு கொஞ்சம் தணிந்து, "டெல்லிக்குப் போறவுக ஒருத்தருக்குச் சுடச்சுட மூடிக் கொடுத்துட்டேன். மூடிக்குள்ள வேர்த்து, போய்ச் சேருமுன்ன புளிச்சுப்போச்சு. அவுக போன் போட்டுத் திட்டக்கூட இல்ல, அடுத்த தடவ வந்தப்பதான் சொன்னாக. அதான் எனக்கு ரொம்ப உறுத்துச்சு" என்றார். சொல்லிக்கொண்டே பெட்டியின் மூடியில் பேனாவால் எழுதினார்: 'புதன் செய்தது. வீட்டில் திறந்து ஆறவிடவும். சனிக்கிழமைக்குள் சாப்பிடவும்.'

இவர் பெட்டியைக் கையில் வாங்கி, அந்த எழுத்தை விரலால் தடவி இரண்டு தடவை படித்தார். பிறகு என்னைப் பார்த்து, மறுபடியும் தெருவுக்கே கேட்கிற மாதிரி, "சனிக்கிழமைக்குள்ள புள்ளைக்குப் போய்ச் சேரணுமாம்லா. நீ வெள்ளிக்கிழமை பஸ்ஸுக்கே கெளம்பு. நான் பாத்துக்கிடுவேன்" என்றார்.

சரி என்று வாயால் சொன்னால் அவருக்குக் கேட்காது. அதனால் பெரிதாகத் தலையை ஆட்டினேன். அந்த அம்மா, "அண்ணாச்சி ஆர்டர் போட்டாச்சு, பொறவென்னக்கா?" என்று இன்னொரு மூடியில் எழுத ஆரம்பித்துவிட்டார்.

போகிறவர்களுக்கு: காலையிலேயே கிளம்பிவிடுங்கள். ஒரு சின்ன நோட்டும் தடித்த பேனாவும் கையில் இருக்கட்டும். காது கேட்காதவரிடம் கத்தாமல், முகத்துக்கு நேராக நின்று எழுதிக் காட்டுங்கள். நீங்கள் முந்திக்கொண்டு பதில் சொல்லிவிடாதீர்கள், நான் அந்தத் தப்பைத்தான் ஆறு மாதமாகச் செய்துகொண்டிருந்தேன். கடை வைத்திருப்பவர்கள் இதைப் படித்தால், விலையை எழுதி வையுங்கள். யாருக்கு எப்போது அது உதவும் என்று உங்களுக்கே தெரியாது.

இதைப் பெங்களூரிலிருந்துதான் எழுதுகிறேன். பால்கோவா சனிக்கிழமை காலையே வந்து சேர்ந்துவிட்டது. அது தீர்ந்துபோயிற்று, மூடியை மட்டும் மகள் சமையலறை அலமாரியில் வைத்திருக்கிறாள். இன்று காலை இவர் ஒரு போட்டோ அனுப்பினார். காலண்டர் அட்டையின் பின்பக்கம், தடித்த எழுத்தில்: 'எனக்குக் காது கேட்காது. விலையை எழுதிக் காட்டவும்.' பக்கத்தில் இரண்டு பால் பாக்கெட்.